மறு ஆட்டமும் தலையெழுத்தும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் போடிநாயக்கனூரில் நமது தோழர் ஒருவருடைய வீட்டிற்குப் போயிருந்தோம். அன்று மலையில் மழை பலமாயிருந்தபடியால் ஏலத்தோட்டத்திற்குக் கூலிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்பு புறப்படவில்லை. ஆகவே வீட்டார் எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்கள். தோழரின் மகன், படிப்பை முடித்த இளைஞன், கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். அதை அவன் ஆடுவது மூன்றாம் தடவையாம். அவனுடைய தாய்மாமன் வருஷந்தவறாமல் இராமாயணப் பிரசங்கம் கேட்க முன்வரிசையில் உட்காருகிறவர். அவருக்கு இது பொறுக்கவில்லை.

"முடிவு தெரிஞ்ச கதையை எதுக்குடா மறுபடி மறுபடி ஆடுற? வேற சோலி இல்லையா?" என்று கடிந்தார்.

பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாமா, நீங்க இராமாயணத்தை எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? அதுல ஒரு தடவையாச்சும் சம்பூகன் பிழைச்சிருக்கானா? இதுல பிழைக்க வைக்கலாம் மாமா" என்றான்.

மாமா வாயடைத்துப் போனார். நமக்கோ அந்தப் பதில் வீடு திரும்பிய பின்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றியே இந்த வாரம் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம்.

வீடியோ கேம் என்றதும் நம் ஜனங்களில் அனேகர், சுட்டுத் தள்ளுவதும் ஓடி ஒளிவதுமான பொழுதுபோக்கு என்றே நினைக்கிறார்கள். அப்படிப்பட்டவை மெத்த உண்டு. ஆனால் இது வேறு வகை. ஆடுகிறவன் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, கதைக்குள் பலரோடு பேசி, முக்கியமான இடங்களில் இன்னது செய்வது என்று தானே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்கேற்பக் கதை திரும்பும். அந்த இளைஞன் ஆடியதன் பெயர் 'மாஸ் எஃபெக்ட்'. கனடா தேசத்து எட்மன்டன் நகரில் பிறந்த பயோவேர் என்ற கம்பெனி செய்தது. முதல் பாகம் 2007-லும், இரண்டாம் பாகம் 2010-லும், மூன்றாம் பாகம் 2012-லும் வந்தன. மூன்றையும் புதுப்பித்து ஒன்றாகக் கட்டி 2021-இல் மறுபடி வெளியிட்டார்கள். அதன் பின்பு பழைய ஆட்டக்காரர்கள் பலர் மறு ஆட்டத்தில் இறங்கினார்கள்.

கதை நடப்பது இன்றைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின். மனிதர்கள் நட்சத்திரங்களுக்கிடையே கப்பல் விடுகிறார்கள். வேறு உலகங்களின் ஜாதிகளோடு சேர்ந்து வாழவும் சண்டையிடவும் செய்கிறார்கள். ஐம்பதினாயிரம் வருஷத்திற்கொரு முறை வந்து, முன்னேறிய உயிர்களையெல்லாம் அறுவடை செய்து போகும் பெரும் யந்திரங்களைத் தடுப்பதுதான் ஷெப்பர்ட் என்ற தளபதியின் வேலை. அந்தத் தளபதியாக ஆணையும் வைத்துக்கொள்ளலாம், பெண்ணையும் வைத்துக்கொள்ளலாம். பெண்ணானால் அதிகாரம் குறைவதில்லை, வீரம் குறைவதில்லை, கதை ஒதுங்குவதில்லை. இதை மட்டும் பார்த்தாலே நமது புராணக்காரர்கள் வெட்கப்பட வேண்டும்.

நிற்க. இந்தக் கதையில் குவேரியன் என்றொரு கூட்டமும் கெத் என்றொரு கூட்டமும் வருகின்றன. குவேரியன்கள் எஜமானர்கள். கெத் என்பவை தங்கள் பாடுகளைச் செய்வதற்காக அவர்கள் உண்டாக்கிய யந்திரங்கள். யந்திரங்கள் ஒன்றோடொன்று சேரச்சேர அவற்றின் அறிவு பெருகிற்று. ஒரு நாள் ஒரு யந்திரம் தன் எஜமானைப் பார்த்து, தனக்கு ஆன்மா உண்டா என்று கேட்டுவிட்டது. ஆன்மா உண்டா இல்லையா என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். அதில் நமது அபிப்பிராயம் யாவருக்கும் தெரிந்ததுதான். கவனிக்க வேண்டியது வேறு. வேலைக்காரன் கேள்வி கேட்டான், கேட்டதே குற்றமாயிற்று, எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று எஜமானர்கள் தீர்மானித்தார்கள். சண்டை மூண்டது. எஜமானர்களே தோற்று, சொந்த உலகத்தை விட்டுக் கப்பல்களில் அலையும்படி ஆயிற்று.

முதல் பாகத்தை முதல் தடவை ஆடும்போது இந்தச் சரித்திரத்தை நமக்குச் சொல்லுகிறவள் யார்? டாலி என்ற குவேரியன் பெண். நல்லவள், தைரியசாலி, நம் கப்பலிலேயே வருகிறவள். அழிப்பதைத் தவிர அவள் முன்னோர்களுக்கு வேறு வழி இல்லாமற் போயிற்று என்கிறாள். நாமும் நம்பிவிடுகிறோம். அந்தப் பாகம் முழுவதும் கண்டவிடத்தில் கெத்களைச் சுடுவதும் நம் வேலையாயிருப்பதால் நம்புவது சுலபமாகவும் இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் ஒரு கெத் நம்மோடு பேச வருகிறது. நாம் சுட்டவை கெத் கூட்டத்திலிருந்து பிரிந்துபோன ஒரு சிறு பிரிவே என்று அப்போது தெரிகிறது. மூன்றாம் பாகத்தில் அவர்களுடைய பழைய நினைவுகளையே பார்க்கும் சந்தர்ப்பம் வாய்க்கிறது. கெத்களைக் கொல்லாதே என்று குறுக்கே நின்ற குவேரியன்களும் அக்காலத்தில் இருந்தார்கள் என்பதும், அவர்களைச் சொந்த ஜாதியாரே ஒடுக்கினார்கள் என்பதும் அங்கே வெளியாகின்றன.

இவ்வளவும் அறிந்தபின் மறுபடி முதல் பாகத்திற்கு வந்து டாலி சொல்லுவதைக் கேட்டால் எப்படியிருக்கும்? அதே வார்த்தைகள், அதே குரல், அதே படம். ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் கேட்கிறவன் மாறிவிட்டான். முதல் தடவை சரித்திரமாய்க் கேட்டது இரண்டாம் தடவை எஜமானனின் வியாக்கியானமாய்க் கேட்கிறது. மறு ஆட்டத்தின் பிரயோசனம் இதுவே என்போம்.

நமது இயக்கம் இத்தனை காலம் செய்து வந்த வேலை இதுவல்லாமல் வேறென்ன? இராமாயணத்தை நாம் எரிச்சலால் திட்டினோம் என்று சிலர் இன்றும் சொல்லித் திரிகிறார்கள். நாம் அதை மறுபடி படித்தோம், அவ்வளவுதான். பெரியார் 'இராமாயணப் பாத்திரங்கள்' எழுதியது புதிதாய் ஒரு கதை கட்டியல்ல. உள்ள கதையையே எதிர்ப்பக்கத்தில் நின்று படித்துக் காட்டினார். யாருக்குக் கேடு செய்ததால் சம்பூகன் தலை போயிற்று என்று கேட்டுக்கொண்டே படித்தால் முதல் தடவை கண்ணில் பட்ட தர்மம் மறுதடவை எங்கே போகிறது? மாமா முப்பது வருஷம் கேட்டார் என்றால், ஒரே தடவையைத்தான் முப்பது வருஷம் கேட்டார். பையனோ மூன்று தடவையும் வெவ்வேறு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். திரும்பச் சொல்லுவது வேறு. திரும்ப ஆராய்வது வேறு.

இதைக் கேட்டவுடன் வைதீகர்கள் துள்ளிக் குதித்து வருவார்கள் என்பது நமக்குத் தெரியும். ஏனென்றால் இந்த ஆட்டத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. முதல் பாகத்தில் நாம் செய்த முடிவுகள் ஒரு கோப்பில் பதிவாகி இரண்டாம் பாகத்திற்கும் மூன்றாம் பாகத்திற்கும் தொடர்ந்து வருகின்றன. அங்கே ஒருவனைச் சாகவிட்டால் இங்கே அவன் வரமாட்டான். "பார்த்தீர்களா, இதைத்தான் எங்கள் முன்னோர் பூர்வஜென்ம கர்மம் என்றார்கள், வெள்ளைக்காரன் இன்றைக்குத்தான் கண்டுபிடித்திருக்கிறான்" என்பார்கள்.

அப்படியா? நாமும் கணக்கைப் பார்ப்போம். ஆட்டத்தில் செய்தவன் நான். செய்தது எனக்கு ஞாபகமிருக்கிறது. பதிவு என் மேஜை மேலேயே இருக்கிறது. நான் திறந்து பார்க்கலாம். வேண்டாமென்றால் திரும்பிப் போய் வேறு விதமாய்ச் செய்யலாம். கர்மத்திலோ செய்தவன் யாரென்று தெரியாது, செய்தது என்னவென்று ஒருவருக்கும் ஞாபகமில்லை, பதிவேட்டைக் கண்டவனில்லை, தட்சணை வாங்குகிறவன் மட்டும் அதைப் படித்துச் சொல்லுவான், திருத்தவோ வழியில்லை, அடுத்த ஜென்மம் வரை காத்திருக்க வேண்டும். முன்னது காரணகாரியம். பின்னது மோசடி. தான் செய்ததன் பலன் தன்னைத் தொடரும் என்பதைப் பகுத்தறிவுக்காரன் மறுக்கவில்லை. தான் செய்யாததற்கு, பிறந்த வீட்டைக் காட்டித் தண்டனை கொடுப்பதைத்தான் மறுக்கிறான். மலையில் பனியிலும் அட்டையிலும் நின்று வேலை செய்கிறவள் போன பிறவியில் பாபம் செய்தாள் என்றும், அடிவாரத்தில் மெத்தையில் படுத்திருப்பவன் புண்ணியம் செய்தான் என்றும் சொல்லுகிறவன், அந்தக் கோப்பைக் கொஞ்சம் திறந்து காட்டட்டுமே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் பாகத்தில் குவேரியனுக்கும் கெத்துக்கும் கடைசிச் சண்டை நடக்கிறது. இரண்டிலொரு கூட்டம் பூண்டோடு அழியும் என்ற நிலைமை. முதல் தடவை ஆடுகிறவர்களில் பலருக்கு இரண்டிலொன்றைக் கொல்லுவதைத் தவிர வேறு வழி அங்கே கிடைப்பதில்லை. அந்த இளைஞனும் முதல் தடவை கெத்களைப் பலிகொடுத்து விட்டானாம். அன்றிரவு தூக்கம் வரவில்லை என்றான். ஆனால் இரண்டையும் சமாதானப்படுத்தும் வழி உண்டு. அந்த வழி அன்றைய தினத்தில் மட்டும் திறப்பதல்ல. முந்திய பாகத்தில் டாலி மேல் நடந்த விசாரணையில் நாம் எப்படிப் பேசினோம், அந்தக் கெத்தை நம்பினோமா, யார் யாரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தோம் என்பவையெல்லாம் கூடியிருந்தால்தான் திறக்கும். அதாவது, நெருக்கடி வந்த அன்றைக்குப் புத்தி சொல்லி ஒற்றுமை உண்டாக்க முடியாது. முன்னமே பாடுபட்டிருக்க வேண்டும். ஊரில் கலகம் மூண்டபின் சமாதானக் கமிட்டி வைக்கிற பெரிய மனிதர்கள், கலகமில்லாத காலத்தில் சேரிக்கும் ஊருக்கும் நடுவே எத்தனை தடவை நடந்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இதனால் இந்த ஆட்டம் குற்றமற்றது என்று நாம் சொல்லவரவில்லை. குற்றமற்றது என்று ஒன்றைச் சொல்லுவது நமது வழக்கமுமல்ல. முதலாவது, இதில் நல்லது செய்தால் ஒரு கணக்கிலும் முரட்டுத்தனம் செய்தால் இன்னொரு கணக்கிலும் மார்க்கு ஏறுகிறது. மார்க்கு மிகுந்தவனுக்குச் சில இடங்களில் பேசித் தீர்க்கும் வழியும் மிரட்டித் தீர்க்கும் வழியும் திறக்கின்றன. இது சித்திரகுப்தன் கணக்குக்குத் தம்பி முறை. மார்க்குக்காக நல்லது செய்கிறவன் மோட்சத்துக்காக அன்னதானம் செய்கிறவனே. பசித்தவன் முகத்தை இருவரும் பார்ப்பதில்லை. இரண்டாவது, இத்தனை உலகங்களும் ஒரு தளபதியின் தலையில் தொங்குகின்றன. இரண்டாம் பாகத்தின் ஆரம்பத்தில் அந்தத் தளபதி செத்தே போகிறார். பிறகு உயிரோடு எழுப்பப்படுகிறார்! மந்திரத்தாலல்ல, வைத்தியத்தால் என்று சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அவதாரபுருஷ வாசனை அதில் இல்லையென்று சொல்ல முடியாது. மூன்றாவது, இது லாபத்திற்காக ஒரு கம்பெனி விற்கிற சரக்கு. இராப்பகலாய் இதிலேயே கிடந்து வேலையையும் படிப்பையும் கெடுத்துக்கொள்ளுகிறவர்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் கடைசியாக நடந்த ஒரு சங்கதிதான் நமது கருத்துக்கு முக்கியமானது. மூன்றாம் பாகம் 2012 மார்ச்சில் வெளிவந்தபோது அதன் முடிவைக் கண்டு ஆடினவர்கள் கொதித்துப் போனார்கள். முடிவில் ஒரு சிறுவன் உருவத்தில் தோன்றும் அதிகாரி ஒருவன் மூன்று வழிகளைக் காட்டி, இதில் ஒன்றை எடுத்துக்கொள் என்கிறான். எதை எடுத்தாலும் கண்ணுக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் வெளிச்சத்தின் நிறம் சிவப்பா, நீலமா, பச்சையா என்பதாகவே இருந்தது. மூன்று பாகம் முழுவதும் நாங்கள் செய்த முடிவுகள் எங்கே போயின என்று கேட்டார்கள். சிலர் மூன்று நிறத்தில் சிறு கேக்குகள் செய்வித்துக் கம்பெனிக்கே அனுப்பிவைத்தார்கள்: நிறம் மூன்று, ருசி ஒன்றே! கம்பெனி என்ன செய்தது? 2012 ஜூனில் முடிவை விரித்துத் திருத்தி, காசு வாங்காமல் கொடுத்தது. அந்தத் திருத்தத்தில் நான்காவதாய் ஒரு வழியும் வைத்தார்கள். நீ காட்டும் மூன்றும் எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிடலாம். மறுத்தால் அன்றைக்குத் தோல்விதான். ஆனால் அவர்கள் எழுதி விட்டுப்போன குறிப்புகளைக் கொண்டு அடுத்து வந்த தலைமுறை ஜெயித்தது என்று கதை காட்டுகிறது.

தோழர்களே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். எழுதினவன் மனிதன் என்று தெரிந்ததால் ஜனங்கள் கேட்டார்கள். கேட்டதால் மூன்று மாதத்தில் முடிவு திருந்திற்று. மனுவையும் பராசரனையும் எழுதினவனும் மனிதன்தான். ஆனால் கடவுள் எழுதினான் என்று சொல்லிவைத்த ஒரே காரணத்தால் ஆயிரக்கணக்கான வருஷமாய் ஒரு வரியைத் திருத்த முடியவில்லை. திருத்து என்றவன் நாஸ்திகனானான். தலையெழுத்து என்று ஒன்று இருக்குமானால் அதை எழுதின கை ஒன்றும் இருக்க வேண்டும். கை இருந்தால் அதைப் பிடித்து நிறுத்தவும் முடியும். வேண்டாம் என்று மறுப்பதும் ஒரு வழி என்பதைச் சட்டத்தில் சேர்க்கச் செய்ததுதான் அந்த ஆட்டக்காரர்களின் வெற்றி. நமது இயக்கத்தின் வெற்றியும் அதுவே.

இனி மறுபடி போடிக்கு வருவோம். மாமாவும் பையனும் வாதாடிக்கொண்டிருந்தபோது பையனின் தாயார் அடுப்படியிலிருந்து வந்தார். இருபது வருஷமாய் மலைக்குப் போகிறவர். அவர் சொன்னதாவது: "ஏலச்செடியில ஒரு தடவை காய் எடுத்துட்டா முடிஞ்சிருமாண்ணே? முத்தினதை மட்டும் எடுத்துட்டு, பிஞ்சை விட்டுட்டு வருவோம். மறுபடி அதே செடிக்கிட்டத்தான் போகணும். அப்ப வேற காய் முத்தியிருக்கும்."

நூறு வியாக்கியானத்திற்கு இந்த ஒரு வார்த்தை ஈடாகும். ஏலக்காயெல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. செடியின் அடியில் தரையை ஒட்டி ஓடும் சரத்தில் முன்னும் பின்னுமாய் முற்றும். ஆகையால் ஒரு பருவத்தில் முப்பது நாற்பது நாளுக்கொரு தடவை ஐந்தாறு சுற்று அதே செடிக்குப் போய்க் குனிந்து எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் உருவிக்கொண்டு வருகிறவள் வேலை தெரியாதவள். கதையும் அப்படித்தான், சரித்திரமும் அப்படித்தான்.

அந்தச் சரித்திரத்தில் நமது மலையின் சரித்திரமும் சேர்ந்ததுதான். 1956-இல் ராஜ்யங்களைப் பிரித்தபோது ஏலமலை கேரளத்திற்குப் போயிற்று. அடிவாரமான போடி தமிழ்நாட்டில் நின்றது. இன்றும் பொழுது விடியுமுன் போடியிலிருந்து ஆணும் பெண்ணும் ஜீப்புகளில் நெருக்கியடித்து, போடிமெட்டுக் கொண்டையூசி வளைவுகளில் ஏறி, சோதனைச்சாவடி தாண்டிப் பூப்பாறைப் பக்கம் போய், பொழுது சாயத் திரும்புகிறார்கள். அவர்கள் எடுத்த காய் உலர்ந்து, சலித்துத் தரம் பிரிந்து, போடியிலும் புத்தடியிலும் கம்ப்யூட்டர் வழியாய் ஏலம் போகிறது. அன்றன்றைய விலை ஊரெல்லாம் தெரிகிறது. தோட்டத்தின் பெயரும் முதலாளியின் பெயரும் பலகையில் எழுதியிருக்கின்றன. காட்டைத் திருத்தினவன், செடி நட்டவன், குனிந்து காய் எடுத்தவள் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது? இந்த மலையின் கதையை இதுவரை நாம் டாலி வாயால்தான் கேட்டிருக்கிறோம். மற்றவர் வாயால் கேட்கும் சுற்று இன்னும் வரவில்லை.

அந்தச் சுற்றை யார் கொண்டுவருவது? அந்த ஆட்டத்தில் தமிழ் எழுத்துமில்லை, தமிழ்க் குரலுமில்லை. தாயார் கேட்கக் கேட்க மகன்தான் ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். தமிழர்களுக்கு இது ஆகாத காரியமா? கனடா தேசத்து டொரான்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு ஸ்தாபனம் 2023-இல் 'வெண்பா' என்று ஓர் ஆட்டத்தை வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலும் சங்கடமுமே அதன் கதை. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தது. இட்லியும் புட்டும் கதையாகுமானால் ஏலமலை ஜீப்பும் ஆகும். வருங்கால உலகமும் ஆகும். வருங்காலத்தைக் கற்பனை செய்வது நமக்குப் புதிதுமல்ல. 1940-களிலேயே பெரியார் 'இனிவரும் உலகம்' என்று எழுதி, கம்பியில்லாத் தந்தி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்றும், ஆண் பெண் சேர்க்கையில்லாமலே பிள்ளை உண்டாக்க முடியும் என்றும் சொன்னார். அன்று சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இராகுகாலம் பார்க்கிறார்கள்!

ஆகவே வாலிபத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இது. ஆடுங்கள், அளவோடு ஆடுங்கள். ஆடி முடித்ததை மறுபடி ஆடினால், போன தடவை யாரைச் சுட்டோமோ அவன் பக்கத்தில் நின்று ஆடுங்கள். அதே கண்ணோடு உங்கள் ஊர்த் தலபுராணத்தையும், பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தையும், வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஜாதிப் பெருமையையும் இரண்டாம் தடவை படியுங்கள். பெரியவர்களுக்கு நாம் சொல்லுவதும் அதுவே. மாமா இந்த வருஷமும் இராமாயணம் கேட்கப் போகட்டும். ஆனால் ஒரு தடவையாவது சம்பூகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரட்டும். அதற்குப் பின்னும் அவருக்குக் கதை ருசித்தால் நாம் குறுக்கே நிற்கவில்லை.